கையால் பெருக்கிய ஏடுகள்

தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசத் தொடங்குவோர் தரங்கம்பாடியையோ சென்னையையோதான் பெரும்பாலும் முதலில் நினைப்பர். ஆயின் தமிழ் எழுத்துக்களால் அச்சிடப்பெற்று இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் காலத்தால் முற்பட்டது, இன்றைய கேரளத்தைச் சேர்ந்த கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு வெளிவந்ததாகும். அண்டிரிக் அடிகளார் என்று வழங்கப்பெறும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' என்பது அதன் பெயர். அதன் பக்கங்கள் 16 மட்டுமே. அதில் எழுத்துப் பிசகுகளுக்கும் குறைவில்லை. நம் மொழி அச்சேறிய கதை இவ்வாறு ஒரு மெல்லிய ஏட்டில் தொடங்கிற்று என்பதை வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் மறத்தல் ஆகாது. சிறிய ஏடு என்பது இழிவான பொருளன்று.

இக்காலத்து இளைஞர் 'ஸீன்' என்று ஒன்றைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். பதிப்பகத்தையோ விளம்பரத்தையோ நம்பாமல், ஒருவர் அல்லது ஒரு சிலர் கூடித் தாமே எழுதி, தாமே படம் வரைந்து, தாமே படியெடுத்து, கைக்குக் கை வழங்கும் சிற்றேட்டிற்கு இப்பெயர் வழங்குகிறது. 1930-இல் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் விஞ்ஞானக் கதைகளில் ஈடுபாடு கொண்ட வாசகர் சிலர் 'தி காமெட்' என்னும் ஏட்டை இம்முறையில் வெளியிட்டனர். 1940-இல் ரஸ் சாவெனே என்பவர் இத்தகைய ரசிகர் ஏடுகளுக்கு 'ஃபேன்ஸீன்' என்று பெயர் வைத்தார். அச்சொல்லின் முற்பாதி காலப்போக்கில் உதிர்ந்து பிற்பாதி நின்றது. சொல் புதிது, மேல்நாட்டது. ஆயின் அச்செயல் நம் நாட்டிற்குப் புதிதன்று. அதன் வரலாற்றில் நமது விடுதலைப் போருக்கும் ஒரு சிறந்த இடம் உண்டு.

1919-ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்தை எதிர்த்து மகாத்மா காந்தி சத்தியாக்கிரகம் தொடங்கினார். எந்தச் சட்டத்தை மீறுவது என்ற கேள்வி எழுந்தபோது, யாருக்கும் தீங்கு விளையாமல் எளிய மக்களும் மீறக்கூடிய சட்டங்களையே அவர் தேர்ந்தார். அவற்றுள் ஒன்று அச்சுச் சட்டம். அரசாங்கம் தடை செய்திருந்த 'ஹிந்து ஸ்வராஜ்யம்', 'சர்வோதயம்' ஆகிய தம் நூல்களை மறுபடியும் அச்சிடச் செய்து, ஏப்ரல் 6-ஆம் நாள் மாலை பம்பாய்த் தெருக்களில் தாமே விற்கப் புறப்பட்டார். சரோஜினி தேவியாரும் மற்றொரு வண்டியில் சென்று விற்றார். புத்தகத்தின் விலை நாலணா. ஆயினும் நாலணா மட்டும் கொடுத்தவர் மிகச் சிலரே என்றும், ஒரு பிரதி ஐம்பது ரூபாய்க்கு விலைபோயிற்று என்றும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறித்துள்ளார். அரசாங்கமோ, 'தடை செய்யப்பட்டது பழைய பதிப்பு. இது புதிய பதிப்பு. ஆகவே இதை விற்றது குற்றமாகாது' என்று கூறி ஒதுங்கிக்கொண்டது!

மறுநாள், ஏப்ரல் 7-ஆம் தேதி, 'சத்தியாக்கிரகி' என்னும் ஒற்றைத் தாள் ஏடு வெளிவந்தது. விலை ஒரு பைஸா, அதாவது காலணா. சட்டப்படி பதிவு செய்யாமலே அதை வெளியிட்ட காந்தியடிகள், அச்செய்தியை மறைக்கவும் இல்லை. பம்பாய்ப் போலீஸ் கமிஷனருக்கே ஒரு பிரதியை அனுப்பி வைத்தார். ஆண்டுச் சந்தா வாங்குவதற்கில்லை, ஆசிரியர் எந்த நேரத்திலும் கைதாகலாம், ஆகையால் ஏடு தவறாமல் வரும் என்று உறுதி கூறுவதற்கும் இல்லை என்று அதிலேயே அறிவித்தார். படிப்பவர் அதைப் பார்த்து எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கவேண்டும், அந்நண்பர்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். பத்திரிகை என்றால் எழுதுபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், வாங்குபவர் பலர் என்ற முறை அதில் மாறிவிட்டது. அதைப் படித்த ஒவ்வொருவரும் அதை வெளியிடுபவருமாகிறார். அச்சகத்தைப் பூட்டிவிடலாம், ஆயிரம் வீடுகளில் இருக்கும் ஆயிரம் பேனாக்களைப் பூட்டுவது எப்படி?

அந்த ஏடு நெடுநாள் நிலைக்கவில்லை. சில நாட்களில் காந்தியடிகள் டில்லிக்குச் செல்லும் வழியில் தடுத்துக் கைது செய்யப்பட்டார். நாட்டில் கலகமும் படுகொலையும் நிகழ்ந்தன. ஏப்ரல் 18-ஆம் நாள் சட்ட மறுப்பும் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர் காட்டிய வழி அழியவில்லை. 1930-இல் அச்சகங்களிடம் ஈடுபணம் கேட்கும் அவசரச் சட்டம் பிறந்து, நவஜீவன் அச்சகம் பறிமுதலானபோது, 'யங் இந்தியா' சைக்ளோஸ்டைல் தாள்களாக வெளிவந்தது. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திலும் தலைவர்கள் சிறைப்பட்ட பின் செய்தியைப் பரப்பியவை இத்தகைய தாள்களே. அதே ஆண்டு ஆகஸ்டில், 22 வயதே நிரம்பிய உஷா மேத்தா முதலியோர் பம்பாயில் காங்கிரஸ் வானொலியை மறைவாக நடத்தினர். நவம்பர் 12-ஆம் நாள் போலீஸார் அதைக் கைப்பற்றினர். தாளும் வானொலியும் அன்று ஒரே பணியைச் செய்தன.

சைக்ளோஸ்டைல் என்று சொன்னோம். இன்றைய இளைஞர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர் என்பவர் 1881-இல் இதற்கு உரிமை பெற்றார். மெழுகு பூசிய மெல்லிய தாளின் மீது, முனையில் சிறு பற்சக்கரம் பொருத்திய எழுதுகோலால் எழுதினால், எழுத்துச் சென்ற வழியெல்லாம் நுண்ணிய துளைகள் விழும். அத்தாளின் மேல் மை தோய்த்த உருளையை ஓட்டினால் மை துளைகளின் வழியே இறங்கிக் கீழுள்ள வெள்ளைத் தாளில் எழுத்தாகப் படியும். பின்னர் நாடாவை நீக்கிய தட்டெழுத்துப் பொறியைக் கொண்டே மெழுகுத் தாளில் துளையிடும் பழக்கம் வந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஒரு மெழுகுத் தாளிலிருந்து சில நூறு பிரதிகள் எடுக்கலாம். அச்சுக் கோப்பவர் வேண்டா. ஈய எழுத்து வேண்டா. கல்லூரிகளிலும் காரியாலயங்களிலும் வினாத்தாளுக்கும் சுற்றறிக்கைக்கும் என வாங்கி வைத்த இப்பொறியே, மாலை வேளைகளில் இலக்கியத்திற்கும் உதவிற்று.

அவ்வாறு உதவிய வரலாற்றை நாம் வாழும் ஊர்களிலேயே காணலாம். 1954-இல் பம்பாயில் 'சப்த' என்னும் மராத்தி ஏடு சைக்ளோஸ்டைலில் வெளிவந்தது. அதை நடத்தியவருள் அருண் கொலாட்கரும் திலீப் சித்ரேயும் அடங்குவர். சித்ரேக்கு அப்போது வயது பதினாறுக்கு மேல் இல்லை. பிற்காலத்தில் இருவருமே சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற பெருங்கவிஞர்களாயினர். 1965-இல் அலகாபாத்தில் அரவிந்த் கிருஷ்ண மெஹரோத்ரா என்னும் 18 வயது மாணவர் தம் நண்பர்களுடன் 'டாம் யூ' என்ற ஆங்கில ஏட்டை இம்முறையிலேயே நடத்தலானார். பெரிய பத்திரிகைகள் இவர்களை அழைக்கும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது பாட்னாவில் நிகழ்ந்தது. அங்கே வாழ்ந்த வங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் மலய் ராய் சௌதுரி. 1961 நவம்பரில் அவரும் அவர் தோழர்களும் பசித்த தலைமுறை என்னும் இயக்கத்தைத் தொடங்கி, துண்டுத் தாள் ஒன்றை வெளியிட்டனர். வங்க இலக்கியத்தையே புரட்டிப்போட எழுந்த அவ்வியக்கத்தின் முதல் தாள் வங்க மொழியில் வரவில்லை, ஆங்கிலத்தில் வந்தது. காரணம், பாட்னாவில் அவர்களுக்கு வங்க எழுத்து அச்சகம் கிட்டவில்லை! தாய்மொழிக்கு வெளியே வாழ்பவரின் இடர்ப்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. பின்னர் வங்க மொழியிலேயே தாள்கள் வந்தன. கல்கத்தாவின் காப்பிக் கடையிலும் கல்லூரிகளிலும் இலவசமாக வழங்கப்பட்டன. 1964-இல் ஆபாசக் குற்றம் சாட்டி இயக்கத்தார் சிலர் கைது செய்யப்பட்டனர். 1965-இல் கீழ்க்கோர்ட்டு மலய்க்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது. 1967-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வெழுத்தின் தரத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் கையகலத் தாளுக்கும் ஓர் அரசு அஞ்சியது என்பது வரலாறு. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தபோது, மறைவாகப் பரவிய சைக்ளோஸ்டைல் தாள்களும் இதையே மெய்ப்பித்தன.

தமிழர் மரபு என்ன? நமக்கும் ஒன்று உண்டு. அதற்குக் கையெழுத்துப் பத்திரிகை என்று பெயர். பள்ளி மாணவரும் தெருவில் உள்ள வாலிபர் சங்கத்தாரும் நல்ல கையெழுத்து உடையவர் ஒருவரைப் பிடித்து, கதை கட்டுரை கவிதைகளை எழுதச் செய்வர். மற்றொருவர் வர்ணப் பென்சிலால் அட்டைப் படம் தீட்டுவார். பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அது வீடு வீடாகச் சுற்றும். படித்தவர் தம் கருத்தை எழுதுவதற்கென்று இறுதியில் வெற்றுப் பக்கங்கள் விடப்பட்டிருக்கும். சுற்றி முடித்துத் திரும்பும்போது ஏட்டில் எண்ணெய்க் கறையும் காப்பிக் கறையும் படிந்திருக்கும். கூடவே பாராட்டும் ஏச்சும் நிறைந்திருக்கும். திருவரங்கத்தில் கவிஞர் வாலி தம் இளமையில் நண்பர்களுடன் நடத்திய 'நேதாஜி' இவ்வகையைச் சேர்ந்தது. அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. பின்னாளில் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். அது அச்சில் வந்ததாயினும் அதன் உயிர் இம்மரபைச் சேர்ந்ததே. ஊர் ஊராகப் புத்தகப் பையைச் சுமந்து சென்று விற்ற அவரது உழைப்பைத் தமிழ் இலக்கிய உலகம் நன்கறியும். 1965-இல் டில்லியிலிருந்து கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி', தமிழகத்துக்கு வெளியே பிறந்தும் தமிழகத்தார் காத்திருந்து வாங்கிப் படித்த இதழாயிற்று.

இவ்வேடுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு; அவை எளிதில் மறைந்துவிடும். பழைய தாள் விற்பவனுக்கு அவை வெறும் எடை. 1970-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தேசிய நூலகத்தில் வங்கச் சிற்றிதழ்கள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததைக் கண்டு வருந்திய சந்தீப் தத்தா என்பவர், 1978-இல் டேமர் சந்தில் உள்ள தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் ஒன்றை அமைத்தார். பள்ளி ஆசிரியராகிய அவர் 2023-இல் காலமாகும்வரை அதைப் பேணினார். தமிழில் அப்பணியைச் செய்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழிலை உடைய அவர் நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் முதலியவற்றையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், அச்சேகரமே 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இவ்விருவரும் தனி மனிதர். அவர்கள் இல்லையேல் எத்தனையோ எழுத்தாளரின் முதல் எழுத்தை நாம் கண்டிருக்க மாட்டோம்.

இனி நம் கடமைக்கு வருவோம். சைக்ளோஸ்டைல் மறைந்தது, நகலெடுக்கும் கடை இன்று ஒவ்வொரு தெருமுனையிலும் உண்டு. மும்பை முதலிய நகரங்களில் கைம்முறை ஏடுகளுக்கென்று பயிற்சிக் கூடங்களும் விழாக்களும் நடைபெறுகின்றன. அங்கே முதலில் கற்பிக்கும் பாடம் மிக எளியது. ஒரு தாளை மும்முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தோன்றும். அகலத்தில் மீண்டும் ஒரு முறை மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டத்தின் அளவு கத்தரிக்க வேண்டும். பின் விரித்து, நீளவாட்டில் மடித்து, இரு முனைகளையும் உட்புறமாகத் தள்ளினால், தையலும் பசையும் இன்றியே எட்டுப் பக்கப் புத்தகம் கையில் நிற்கும். எழுத்து முழுவதும் தாளின் ஒரே பக்கத்தில் அமைவதால் நகலெடுப்பதும் எளிது.

வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகின்றனர். பாடநூலைக் கண்டு அஞ்சும் குழந்தை, தன் பெயர் அட்டையில் இருக்கும் எட்டுப் பக்க ஏட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. பாட்டி சொன்ன கதையை ஒரு பேரன் கேட்டு எழுதட்டும். எழுதத் தெரியாத சொல்லுக்குத் தாயைக் கேட்கட்டும். நம் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்கினால் போதும். எழுத்துப் பிழை இருக்கும்; இருக்கட்டும். கொல்லத்தில் அச்சான அப்பதினாறு பக்கங்களிலும் பிழை இருந்தது. 'தம்பிரான் வணக்க'த்தில் இன்று நாம் அறியக்கூடியதாய் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி என்பர். யாரோ ஒருவர் அதை எறியாமல் வைத்திருந்தார். ஆகையால் அன்பர்களே, செய்யும் ஏட்டில் ஆண்டையும் ஊரையும் தவறாமல் குறியுங்கள். பிரதிகளை நண்பர்களுக்கு வழங்கிய பின் ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.