பேரேட்டில் பெயரில்லாதோர்

பொத்துவில் மக்களுக்கு ஆண்டு இரு கூறாக அமைந்தது. மாரியில் வயல், கச்சான் வீசும் காலத்தில் கடற்கரை. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம்குடாவின் அலைகளிற் சறுக்கி விளையாடப் பல தேசத்தாரும் வருவர். விடுதியையும் உணவுச்சாலையையும் படகையும் முச்சக்கரவண்டியையும் நம்பிய குடும்பங்கள் அச்சில மாத வருவாயைக் கொண்டே ஆண்டினைக் கடத்துகின்றன. 2020 மார்ச்சில், பருவம் பிறக்கும் தறுவாயில், கொவிட் நோயின் பொருட்டு விமான நிலையம் வெளிநாட்டாருக்கு மூடப்பட்டது. நாடெங்கும் ஊரடங்கு வந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலும் அழியாது, தொழிலாளியும் மடியாது காப்பது எங்ஙனம்? இவ்வினா இலங்கைக்குப் புதியதன்று.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1912 இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. லயன்களைச் சுத்தமாக வைத்தல், நோயுற்றவருக்கு உணவும் உறைவிடமும் அளித்தல், வைத்தியருக்கு அறிவித்தல் ஆகியன துரைமார் கடமையாயின. இதனை முற்றும் கருணை என்று எண்ணிவிடலாகாது. தொழிலாளி பாயிற் கிடந்தால் கொழுந்து கொய்வார் யார்? எனினும், கணக்குப் பார்த்துச் செய்த காரியமும் சிலவேளை உயிரைக் காக்கிறது.

1934 இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா தீயெனப் பரவி, அடுத்த ஆண்டிற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. கிராமத்தவரே பெரிதும் மாண்டனர். தோட்டங்களில் அத்துணை அழிவில்லை. மலையின் உயரம் ஒரு காரணம். பேரேட்டிற் பெயருள்ளவனுக்கு அரிசியும் கொயினாவும் கிடைத்தது மற்றொன்று. கிராமத்தானோ பொருளாதார மந்தத்தால் முன்னரே பசித்திருந்தான். வெற்றுவயிற்றில் கொயினா என்ன செய்யும்? சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் மருந்தோடு உணவையும் சுமந்து சென்றது இதனை அறிந்தே.

நம் கீழைக்கரையில் முறைக்காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் அழையா விருந்தாளி. மக்கள் உடல் அதற்கு ஓரளவு பழகியிருந்தது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டிராவிடில், 1949 இல் பட்டிப்பளை ஆற்றை மறிக்கத் தொடங்கிய பெருவேலைக்கு ஆட்கள் நிலைத்திருப்பரோ என்பது ஐயமே.

மீண்டும் 2020 க்கு வருவோம். அவ்வாண்டு மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேலையின்றி வீட்டிலிருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்திற் பாதி, அன்றேல் 14,500 ரூபா, இவற்றுள் எது மிகுதியோ அது கொடுபடவேண்டும் என்பது அதன் சாரம். நன்று. ஆயினும் சம்பளப் பேரேட்டில் பெயருள்ளவர்க்கே அது பொருந்தும். அறுகம்குடாவில் அலைப்பலகையை வாடகைக்குக் கொடுப்பவனுக்கும், விடுதியில் பருவத்திற்கு மட்டும் சமைக்க வருபவளுக்கும் பேரேடு ஏது? அவ்வாண்டு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு வழங்கிய 5,000 ரூபா உதவித்தொகையையே இத்தகையோர் எதிர்நோக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் காணும்?

2021 ஜனவரி 21 அன்று விமான நிலையம் மீண்டும் திறந்தது. விடுதிகளுக்கு வெள்ளையடித்துக் காத்திருக்க வேண்டிய ஏப்ரல் மாத முடிவில், நோயின் மூன்றாம் அலை எழுந்தது.