பசித்தவரின் கடவுள்: 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' காட்டும் வாழ்வின் நோக்கம்

மனிதராகப் பிறந்தவர் இப்பிறவியில் பெறவேண்டிய பேறு எது என்ற வினாவோடு வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' தொடங்குகிறது. அப்பேற்றுக்கு அவர் ஆன்ம லாபம் என்று பெயரிடுகிறார். வாழ்வின் நோக்கம் என்று இன்று நாம் சொல்வதும் அதைத்தான். இப்படித் தொடங்கும் நூல், அடுத்து முப்பத்தாறு தத்துவங்களின் கணக்கையோ யோகப் படிநிலைகளையோ எடுத்துக்கொள்ளும் என்றே சைவ மரபை அறிந்தவர் எதிர்பார்ப்பார். ஆனால் சில பக்கங்களுக்குள் பேச்சு வயிற்றுக்கு வந்துவிடுகிறது. கண் பஞ்சடைவதும், காது அடைப்பதும், நா வறள்வதும், கைகால் துவள்வதும் அங்கே வரிசையாக வருகின்றன. வாழ்வின் நோக்கத்தைப் பற்றிய நூலுக்குள் பட்டினி கிடக்கும் உடம்பு ஏன் இவ்வளவு இடம் பிடித்துக்கொள்கிறது?

வள்ளலாரைப் படித்தவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டாகப் பிரித்தே படித்திருக்கிறார்கள். சாதியையும் சடங்கையும் மறுத்து ஏழைகளுக்குச் சோறிட்ட சீர்திருத்தக்காரர் ஒருவர். மரணமிலாப் பெருவாழ்வைப் பாடி, 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்துச் சித்தி வளாகத்தில் அறைக்குள் நுழைந்து கதவடைத்துக்கொண்ட சித்தர் இன்னொருவர். சுயமரியாதை இயக்கத்தார் முதலாமவரை எடுத்துக்கொண்டார்கள். பக்தர்கள் இரண்டாமவரை வணங்கினார்கள். ம.பொ.சி. போன்றோர் ஒருமைப்பாடு என்ற சொல்லால் இருவரையும் இணைக்க முயன்றது மதிக்கத் தக்க முயற்சி. ஆயினும் அங்கும் பசி, ஆன்மிகத்தால் விளைந்த கருணையின் ஒரு பயனாகவே நிற்கிறது. என் வாதம் இதற்கு மாறானது. வள்ளலாரிடம் பசி நீக்குவது நம்பிக்கையின் விளைவு மட்டும் அன்று. கடவுளைத் தேடுவதும், எதற்காக வாழ்கிறோம் என்று கேட்பதும் ஓர் உயிருக்கு இயலுமா இயலாதா என்பதையே பசிதான் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். ஆகவே பிறர் பசியை நீக்குவது, தேடல் என்ற ஒன்று உலகில் நடப்பதற்கான வழியைத் திறந்து வைப்பதாகிறது.

நூலின் அந்தப் பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பசி மிகும்போது நிகழும் சிதைவை வள்ளலார் வயிற்றிலிருந்து தொடங்கவில்லை, அறிவிலிருந்து தொடங்குகிறார். முதலில் உயிரின் அறிவு மயங்குகிறது. அது மயங்கியதும் அறிவுக்குள் அறிவாக இருக்கும் கடவுள் விளக்கம் மறைகிறது. அதன்பின் தத்துவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன. மனம் தடுமாறுகிறது, புத்தி கெடுகிறது. உடற்குறிகள் அதற்கும் பின்னரே வருகின்றன. நரம்பு நைவது, எலும்புப் பூட்டுகள் விட்டுப்போவது, இதயம் வேவது, மூளை சுருங்குவது என்று ஒரு வைத்தியர் குறித்து வைத்தாற்போல் அவை அடுக்கப்பட்டுள்ளன. உணவு கிடைத்ததும் இவை அனைத்தும் நேர்மாறாகத் திரும்புகின்றன. அறிவு விளங்குகிறது, கடவுள் விளக்கம் அகத்திலும் முகத்திலும் தெரிகிறது. இந்த வரிசைமுறை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உடல் துன்பத்தைச் சொல்லி இரக்கத்தைத் தூண்டுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், கண்ணில் தெரியும் குறிகளே முதலில் வந்திருக்கும். பசித்தவர் முதலில் இழப்பது கடவுளை என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

அப்படியானால் அவரிடம் போய், பொறுத்துக்கொள், கடவுளை நினை என்று சொல்வதில் பொருளில்லை. நினைக்கும் கருவியே அவரிடம் செயலிழந்து கிடக்கிறது. நம் சமய இலக்கியத்தில் மிக எளிதாக வழங்கப்படும் ஆறுதலுக்கு இது நேரான மறுப்பு.

பசியின் கொடுமையை உணர்ந்து சொன்னவர்களில் வள்ளலார் முதல்வர் அல்லர். உணவிடுவதை உயிர் கொடுப்பதாகக் காணும் பார்வை புறநானூற்றிலேயே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் பெரும்பகுதி, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைச் சுற்றியே நகர்கிறது. ஆதிரை இட்ட முதல் பிச்சையில் அது பெருகுகிறது, காயசண்டிகையின் யானைத்தீ நோய் அதனால் தீர்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. வள்ளலார் இந்த மரபின் மடியில் வந்தவர்தான். ஆயினும் மணிமேகலையில் சோறிட்டது முடிந்து, அறவண அடிகளிடம் தருமம் கேட்பது தனியாக நடக்கிறது. ஈகை மணிமேகலையைத் தகுதிப்படுத்துகிறது. ஞானம் வேறொரு வாயிலில் கிடைக்கிறது. வள்ளலார் இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிடுகிறார். ஜீவகாருண்யம் இல்லாமல் யோகமோ தவமோ விரதமோ செபமோ கடவுளருளைப் பெற்றுத்தராது என்கிறார். அவற்றை வெறும் மாயாசாலம் என்னும் அளவுக்குப் போகிறார். 1858ஐ ஒட்டிச் சென்னையை விட்டு நீங்கும்வரை கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகேசரையும் உருகி உருகிப் பாடிய ஒருவரிடமிருந்து வருவதால் இந்தக் கூற்றின் கனம் கூடுகிறது. வழிபாட்டின் சுவை அறியாதவர் அதைத் தள்ளுவது எளிது.

பசித்தவரைக் கண்டும் மனம் இளகாதவரைப் பற்றி நூல் சொல்வதும் இதே தருக்கத்தில் அமைகிறது. அவரைப் பாவி என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை வள்ளலார். எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் ஆக்கப்பட்டமையால் உடன்பிறப்புகள். ஓர் உயிர் துன்புறும்போது மற்றோர் உயிர் உருகுவது அந்தப் பழைய உரிமையால் வருவது. அந்த உருக்கம் ஒருவருக்கு வரவில்லை என்றால், அவருடைய ஆன்ம அறிவாகிய கண் அஞ்ஞானத்தால் ஒளி மழுங்கியிருக்கிறது. அதற்குத் துணையாக மாட்டிய மனம் முதலிய மூக்குக்கண்ணாடிகளும் ஒளி ஊடுருவாதபடி தடித்திருக்கின்றன என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் வாழ்ந்தவர் கண்ணெதிரே கண்டிருக்கக்கூடிய பொருளிலிருந்து எடுத்த உவமை இது. இங்கேயும் குறை அறிவில்தான் இருக்கிறது. பசித்தவருக்கு அறிவு மயங்குகிறது; பசித்தவரைக் கண்டு இரங்காதவருக்கும் அறிவு மழுங்கியிருக்கிறது. வயிறு நிறைந்தவரின் வாழ்வில் பொருளற்ற வெறுமை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான விடையை நான் அக்காலத் தமிழ் உரைநடையில் கண்டதில்லை. ஒருவர் பட்டினியால் பார்வையிழக்கிறார், மற்றவர் பாராமுகத்தால் பார்வையிழக்கிறார். இருவரையும் ஒரே செயல் குணப்படுத்துகிறது.

வயிறு நிறைந்தவரின் இந்த வெறுமையை அதே நூற்றாண்டில் வேறொரு நாட்டில் வாழ்ந்து எழுதியவர் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய். ஐம்பதை நெருங்கிய வயதில், நிலமும் புகழும் குடும்பமும் நிறைந்திருந்தபோது, வாழ்வதற்குக் காரணம் எதுவும் தென்படாமல், கண்ணில் படும் கயிற்றையும் மறைத்து வைக்க வேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார். தன் வகுப்பாரிடம் கிடைக்காத விடையை உழவர்களின் நம்பிக்கையில் கண்டதாக எழுதினார். அவர் நேர்மையை ஐயுற ஒன்றுமில்லை. ஆனால் அவர் இதை எழுதிய நூலில் உழவர்கள் விடை தருபவர்களாக வருகிறார்களே அன்றி, பசிப்பவர்களாக வருவதில்லை. 1891–92 பஞ்சத்தில் ரியாசான் மாகாணத்துக் கிராமங்களில் அவரே கஞ்சித் தொட்டிகளை நடத்தும் காலம் பின்னர் வந்தது. தேடலிலிருந்து சோற்றுக்குப் போவது அவர் பாதை. வள்ளலாரின் பாதை வேறு. வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு 1867 மே 23 அன்று மூட்டப்பட்டது. அவர் அங்கே எழுப்பிய சத்திய ஞான சபையில் முதல் சோதி தரிசனம் 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்றுதான் நடந்தது. சோறு முன்னே, சோதி பின்னே என்ற இந்த ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளியைக் கட்டட வசதி, பொருள் வசதி என்று மட்டும் விளக்கிவிட முடியாது. நூலின் தருக்கமும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பசித்த உயிரில் கடவுள் விளக்கம் மறைந்துவிடும் என்றால், பசியின் நடுவிலும் பொருளோடு வாழ்ந்தவர்களை என்ன சொல்வது? நாஜி வதைமுகாம்களில் கிடந்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் 1946இல் எழுதிய நூல், எல்லாம் பறிக்கப்பட்ட நிலையிலும் மனிதர் தம் நிலைப்பாட்டைத் தேர்ந்துகொள்ள முடியும் என்று வாதிடுகிறது. பட்டினியும் நோயும் அங்கே அன்றாடம். இது வள்ளலாரை மறுப்பதாகத்தான் முதலில் படுகிறது. ஆனால் பிராங்கலின் சாட்சியத்தைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, கைதிகளில் பெரும்பாலோரின் உள்வாழ்வு ரொட்டி, கேக், சிகரெட், வெந்நீர்க் குளியல் என்ற கனவுகளாகச் சுருங்கிப்போனதை அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். வள்ளலார் சொன்ன மயக்கம் இதுதான். மற்றது, மனித விடுதலை அழிந்துவிடவில்லை என்பதற்கு அவர் காட்டும் சான்று. குடிசை குடிசையாகப் போய் ஆறுதல் சொன்னவர்கள், தம் கடைசி ரொட்டித் துண்டைப் பிறருக்குக் கொடுத்தவர்கள் என்று சிலரை அவர் நினைவுகூர்கிறார். பசியின் உச்சத்தில் பொருள் அழியவில்லை என்பதற்கான அடையாளமும், ஒருவர் பசியை மற்றொருவர் ஆற்றியதாகவே இருக்கிறது! எனவே வள்ளலாரின் கூற்றை நான் சற்றுத் திருத்தி ஏற்பேன். பசி கடவுள் விளக்கத்தை மறைக்கும் என்பது பொதுவிதி. அதை மீறி எழுந்த அரியவர்களைக் காட்டி மற்றவர்களைப் பட்டினியில் விடுவதற்கு அந்த மீறலே இடம் தராது.

இன்னொரு மறுப்பை வள்ளலாரே எடுத்துப் பேசுகிறார். பசியும் வறுமையும் முன்வினையால் இறைவன் விதித்த தண்டனை என்றால், அதை நீக்குவது இறைவன் ஆணைக்கு எதிரல்லவா? நம் ஊர்களில் இன்றும் இந்தக் குரல் ஓய்ந்துவிடவில்லை. அவர் தரும் விடை சிறைச்சாலையிலிருந்து வருகிறது. பெருங்குற்றம் செய்து விலங்கிடப்பட்டவருக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். இறைவனும் நரகத்தில் இருப்பவருக்குக்கூட அப்படியே செய்விக்கிறான் என்கிறார். வினைக்கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதன் எல்லையைக் குறுக்கி, எந்தத் தண்டனைக்குள்ளும் உணவு மறுப்பு அடங்காது என்று விதிக்கிறார். தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் ஆகியவற்றை நீக்குவதை ஒரு படி கீழே வைத்து, பசியையும் கொலையையும் நீக்குவதை மேலே வைப்பதும் இதனால்தான்.

இந்த அமைப்பில் எனக்கு நெருடலாகப் படும் இடம் ஒன்று உண்டு. புலாலுண்பவரைப் புறவினத்தார் என்று பிரித்து, அவர்களுக்குப் பசியை மட்டும் நீக்கலாம், அதற்கு மேல் மார்க்க உரிமை இல்லை என்கிறார். எல்லா உயிரும் உடன்பிறப்பு என்ற கூற்றோடு இந்த வேலி எளிதில் பொருந்தாது. மீனவரும், மாட்டிறைச்சி உண்ணும் மக்களும், அவர்களைப் போன்ற உழைப்பாளர் பலரும் வேலிக்கு அப்பால் நிற்கிறார்கள். கொல்லாமையில் அவர் கொண்ட உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொல்லப்படும் உயிரும் அவருக்கு உடன்பிறப்புத்தானே. ஆயினும் ஏழு திரைகளுக்குப் பின்னால் சோதி எரியும் சபையின் வாயிலைவிட, சாலையின் வாயில் அகலமாக இருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. அருள்நெறி வேலியிடும் இடத்திலும் சோறு வேலியைத் தாண்டிப் போகிறது. பார்வதிபுரத்து மக்கள் அளித்த எண்பது காணி நிலத்தில் சாதி கேளாமல், ஊர் கேளாமல் பந்தி நடப்பது அந்த அகலத்தினால்தான்.

சோறிட்டவரும் சித்தரும் வேறு வேறு ஆட்கள் என்று பிரிப்பவர்கள் நூலின் இரண்டாம் பிரிவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே இம்மை இன்பம், மறுமை இன்பம், பேரின்பம் என்று வாழ்வை மூன்றாக வகுத்து, பேரின்பம் பெற்றவரின் உடம்பைப் பற்றி வள்ளலார் பேசுகிறார். சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம் என்னும் நிலைகளும், தீயும் நீரும் வாட்டாத உடம்பின் குறிகளும் வருகின்றன. கண் பஞ்சடைந்து மூளை சுருங்கிய உடம்பு முதற்பிரிவில். அழியாத உடம்பு அடுத்த பிரிவில். ஒரே நூலில், ஒரே கை எழுதியவை இவை இரண்டும். உடம்பை விட்டு உயிர் தப்பிப்பதே வீடுபேறு என்று கருதியிருந்தால், பசித்த உடம்பின்மேல் அவருக்கு இத்தனை அக்கறை வந்திருக்காது. உடம்பு அழியக் கூடாது என்ற அவருடைய வேட்கைதான் அன்றாடம் உலை ஏற்றுவதிலும் செயல்பட்டது. மரணமிலாப் பெருவாழ்வை எழுத்துப்படி நம்ப இயலாதவர்களும் (அவர்களுள் நானும் ஒருவன்) இந்தத் தொடர்பை வெட்டிவிட உரிமையற்றவர்கள். வெட்டினால் சாலை வெறும் சத்திரமாகிவிடும்.

1873 அக்டோபர் 22 அன்று சித்தி வளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றி அவர் ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தில் தமக்கிருந்த பற்று அளவற்றதாக இருந்தும் அதைத் தாம் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். கூடியிருந்தவர்களைக் காலத்தை வீணாக்காமல் விசாரம் செய்யச் சொல்கிறார். நம் நிலை எத்தகையது, நமக்கு மேலுள்ள தெய்வத்தின் நிலை எத்தகையது என்பதே அந்த விசாரம். ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் முதல் வினாவே மூன்று மாதங்களில் தனிமைக்குப் போகவிருந்தவரின் வாயில் மீண்டும் வருகிறது. ஆனால் விசாரத்தை அவர் காடுகளுக்கோ மடங்களுக்கோ அனுப்பவில்லை. இரவிலும் பகலிலும் இடைவிடாமல் விசாரிக்கச் சொன்ன அதே உரையில், தம்மை இந்த மேல்நிலைக்கு ஏற்றிவிட்டது தயவுதான் என்று அவர் சொல்கிறார். விசாரமும் தயவும் சேர்ந்தே நடக்க வேண்டியவை என்ற முடிவுக்கு வள்ளலார் வந்தது, கருங்குழியிலும் வடலூரிலும் வாடிய முகங்களை நேரில் கண்ட ஆண்டுகளில்.