சாப்பாட்டு ராமன் செய்த குற்றம் என்ன?

நன்றாகச் சமைப்பவரைப் புகழ நம்மிடம் 'நளபாகம்' என்ற சொல் இருக்கிறது. ருசியறிந்து சாப்பிடுபவரைப் புகழ என்ன இருக்கிறது? 'சாப்பாட்டு ராமன்' என்போம், 'நாக்கு நீளம்' என்போம். இரண்டும் கேலிதான். என் மாமா ஒருவர், ரசத்தை ஒரு வாய் உறிஞ்சியதுமே தாளிப்பில் கடுகு கருகியதைச் சொல்லிவிடுவார். சாப்பிடுவதோ ஒரு பிடி சோறு. அவருக்கும் சாப்பாட்டு ராமன் என்றுதான் பெயர்!

இந்தக் குழப்பம் பிரெஞ்சுக்காரர்களிடமும் இருந்தது. அவர்கள் மொழியில் 'கூர்மான்' என்றால் பெருந்தீனிக்காரன். அதிலிருந்து வந்த 'கூர்மாந்தீஸ்', கத்தோலிக்க சமயம் சொல்லும் ஏழு தலையான பாவங்களுள் ஒன்றின் பெயர். 'கூர்மே' என்பவரோ தொடக்கத்தில் மது வணிகரிடம் வேலை பார்த்தவர்; மதுவைச் சுவைத்துத் தரம் சொல்பவர். சாப்பாட்டுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

1789-இல் புரட்சி வந்தது. பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களின் சமையற்காரர்களில் சிலர் பாரிஸில் உணவகம் திறந்தார்கள். காசு கொடுத்தால் பிரபு வீட்டுச் சாப்பாடு! ஆனால், புதுப் பணக்காரர்களுக்கு எதை எங்கே சாப்பிடுவது என்று சொல்ல ஆள் வேண்டுமே. கிரிமோ த லா ரேனியேர் என்பவர் 1803-இல் 'கூர்மான்களின் பஞ்சாங்கம்' என்ற நூல்வரிசையைத் தொடங்கினார். 1812 வரை எட்டுத் தொகுதிகள் வந்தன. வசைச்சொல்லையே துணிந்து அட்டையில் போட்டார். அடுத்து பிரியா சவாரின் என்ற நீதிபதி, தம் 1825-ஆம் ஆண்டு நூலில், கூர்மாந்தீஸ் என்பது அளவு மீறி உண்பதற்குப் பகை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் பழி முழுதாகப் போகவில்லை. பாவப் பட்டியலிலிருந்து இச்சொல்லை மாற்றும்படி பிரெஞ்சுச் சமையற்கலைஞர்கள் 2003-இல் போப்பாண்டவருக்கு மனுவே அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் இன்றும் 'கூர்மே' என்றால் பாராட்டு, 'கூர்மான்' என்றால் பாதி ஏளனம்.

இவர்களையெல்லாம்விட அநியாயமாகப் பெயர் கெட்டவர் கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ். கி.மு. 341-இல் பிறந்தவர். ஆங்கிலத்தில் உயர்ந்த உணவைத் தேடி அலைபவரை 'எபிகியூர்' என்பது இவர் பெயரால்தான். அந்த மனிதர் சாப்பிட்டதோ வெறும் ரொட்டியும் தண்ணீரும். ஒருமுறை நண்பரிடம் சிறு பானையில் பாலாடைக்கட்டி கேட்டு எழுதினாராம், விருந்து சாப்பிடத் தோன்றும் நாளுக்கு உதவும் என்று. என் மாமா பரவாயில்லை, அவருக்கு ரசமாவது கிடைத்தது.