எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. போன கோடையில் அதன் அடியில் விரித்த அட்டையில் தினமும் எண்ணெய்ச் சொட்டுகள். சிலிண்டரின் அடியில் இருக்கும் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. விற்றுவிடலாம் என்றே நினைத்தேன்.

"பிரிட்டிஷ் வண்டியில் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை" என்று இங்கே ஒரு பகிடி உண்டு. அப்படி என்னதான் காரணம் என்று தேடிப் படித்தேன்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது, கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று நசுங்குகிறது. அது வெளியே போக ஒரு சிறு மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள். 1937இல் வந்த டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின்னும், அதன் வழியில் வந்த பல வண்டிகளும் இரட்டைச் சிலிண்டர்கள். ஆனால் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். அதனால் அதே அழுத்தம்தான். போதாததற்கு, கிராங்க்கேஸை மேலிருந்து கீழாக இரண்டு பாதியாகப் பிரித்து இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பு எண்ணெய் தேங்கும் அடிப்பகுதி வழியாகவே போகும்.

1969இல் ஹோண்டா சிபி750 விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர்கள். இரண்டு பிஸ்டன் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்கும். ஆகவே உள்ளே காற்றின் அழுத்தம் அவ்வளவாக மாறாது. கிராங்க்கேஸும் கிடையாகப் பிரிந்தது. இணைப்பு, எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தது.

பிரிட்டிஷ் தொழிலாளர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று பலர் இன்றும் சொல்வார்கள். ஆனால் 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குழு பிரிட்டிஷ் அரசுக்காக எழுதிய அறிக்கை வேறு இடத்தைக் காட்டியது. ஜப்பானியர்கள் சிறிய வண்டிகளில் போட்டிக்கு வந்தபோது, பிரிட்டிஷ் நிறுவனங்கள் உடனடி லாபத்தைக் காப்பாற்ற அந்தச் சந்தையை விட்டுப் பெரிய வண்டிகளுக்குப் பின்வாங்கின. புதிய வடிவமைப்புக்கும் புதிய இயந்திரங்களுக்கும் போதிய பணம் போடவில்லை. கசிவு வெளியே தெரிந்தது எஞ்சினில். அது தொடங்கியது முதலாளிகளின் மேசையில்.

இதைப் படித்த பிறகுதான் என் வண்டியை ஒழுங்காகப் பார்த்தேன். எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டேன். மேலே டால்கம் பவுடர் தூவினேன். ஐந்து மைல் ஓட்டிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பரப்பிவிடும். அதனால் நனைந்த இடத்தில் மிக உயரமானதையும் முன்னால் இருப்பதையும் தேட வேண்டும். பவுடரில் கோடு தெளிவாக இருந்தது. அதே கேஸ்கட்!

அப்பா எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒயில் வாற இடத்தையே பார்த்துக்கொண்டு நிக்கிறாய். அதை ஆர் தள்ளுறது எண்டு பாத்தியா?" என்றார்.

மூச்சுக்குழாயைக் கழற்றினேன். உள்ளே கறுப்புக் கசடு இறுகிப்போய், ஊதினால் காற்றுப் போகவில்லை. இரண்டு முறை எஞ்சினைப் பிரித்தபோதும் நான் அதைத் தொடவே இல்லை. வெளியே போக வழியில்லாத காற்று, பலவீனமான இணைப்பு வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. புதுக் குழாய் போட்டேன். கேஸ்கட்டை மூன்றாவது முறை மாற்றினேன். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

எட்டு மாதமாகிறது. அட்டை காய்ந்தே கிடக்கிறது. வண்டியை விற்கவில்லை.

உங்கள் வண்டியிலும் எண்ணெய் கசிந்தால், ஸ்பானரை எடுக்கும் முன் மூச்சுக்குழாயை ஒருமுறை ஊதிப் பாருங்கள்.