கொல்லிமலைக் காற்றும் வரைபடக் கணக்கும்

கொல்லிமலையின் காற்றைப் பற்றி முரண்பட்ட இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலம் நிலவி வந்தன. மூலிகை தேடி ஏறியவர்களும் அறப்பளீசுவரரைத் தரிசிக்கச் சென்றவர்களும் அதைப் பிணி தீர்க்கும் காற்றென்று போற்ற, சேலம் ஜில்லாவை நிர்வகித்த ஆங்கில உத்தியோகஸ்தர்களோ அதைக் குளிர்காய்ச்சலின் இருப்பிடமென்று அஞ்சி, ஏற்காட்டில் பங்களா கட்டிக் குடியேறினார்களேயன்றி, கொல்லிமலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் காய்ச்சலின் கிருமியைக் கண்ட பிறகே காற்றின் மீதிருந்த பழி நீங்க வழி பிறந்தது.

காற்றின் தரத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டும் சாட்சி ஒன்று அதற்கு முன்பே அகப்பட்டிருந்தது. நைலாண்டர் என்னும் பின்லாந்துத் தாவர சாஸ்திரி, பாரிஸ் நகரின் பிற பகுதிகளில் மறைந்துபோன பாசிக்காளான்கள் லக்ஸம்பர்க் தோட்டத்து மரங்களில் மட்டும் உயிர்த்திருப்பதை 1866இல் எழுதி வைத்தார். நம் பிரியாணிக்கு மணமூட்டும் கல்பாசியும் அந்த இனமே. வேரில்லாத அது, தனக்கு வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உறிஞ்சுவதால், கந்தகப் புகை மிகுந்த இடத்தில் பிழைப்பதில்லை. இந்தக் குணத்தை ஆதாரமாகக் கொண்டு ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்னும் இருவர் 1970இல் இங்கிலாந்தையும் வேல்ஸையும் பத்து மண்டலங்களாக வகுத்தார்கள். மரப்பட்டையை நேரில் பார்த்தே வரைந்த படம் என்பது அதன் பெருமை.

நம் நாட்டில் 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்து, 1984இல் ஆக்ராவிலும் அன்பாராவிலும் ஏழு நிலையங்களுடன் தேசிய அளவிலான அளவீடு தொடங்கிற்று. அளவுகள் பெருகவே, அவற்றைப் படமாக்கும் மென்பொருள்களும் வந்தன: அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1982இல் தொடங்கிய 'கிராஸ்', 2002இல் பிறந்து இன்று மாணவர்களும் இலவசமாகப் பயன்படுத்தும் 'க்யூஜிஐஎஸ்' ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நிலையமில்லாத இடத்தை நிரப்பும் உபாயங்களுள் ஒன்று, தென்னாப்பிரிக்கப் பொன் சுரங்கங்களில் தாதுவை மதிப்பிட டேனி கிரீகே 1951இல் வகுத்த கணக்கிலிருந்து வளர்ந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டப்பட்ட கொல்லிமலைக்குச் சுரங்கக் கணக்கு வந்து சேர்ந்ததும் ஒரு பொருத்தந்தான்!

மற்றோர் உபாயம் இன்னும் எளிது: அருகிலுள்ள நிலையத்தின் அளவுக்கு அதிக மதிப்பு, தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பு, அவ்வளவே. சேலத்து நிலையத்தின் எண்ணையும் மேட்டூர் நிலையத்தின் எண்ணையும் கொடுத்தால், சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள கொல்லிமலைக்கும் அது தயங்காமல் வர்ணம் தீட்டிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, 1,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அந்த மேட்டுநிலம் இருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. மார்கழி விடியலில் சீக்குப்பாறை விளிம்பில் நின்றால், இரவின் குளிரில் அமுங்கிய சமவெளிப் புகைமூட்டம் காலுக்குக் கீழே படிந்திருப்பதைக் காணலாம். படத்திலோ மேலும் கீழும் ஒரே வர்ணம். அளக்காமலே தீர்ப்பெழுதிய பழைய உத்தியோகஸ்தரின் வாரிசு இந்த வர்ணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செயற்கைக்கோளும் இந்தக் குறையை முற்றும் தீர்ப்பதில்லை. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி, தரைமுதல் மேல்வரையுள்ள வாயுவின் மொத்தத்தைச் சொல்லுமேயன்றி, மூக்குக்கு எட்டும் காற்றைத் தனித்துச் சொல்லாது. உயரத்தையும் ஒரு காரணியாகச் சேர்க்கும் கணிதமுறை இருக்கிறது. அதற்கு மலைமேல் எடுத்த அளவுகள் வேண்டும்: செம்மேட்டுப் பேருந்து நிலையத்தருகே ஒரு கருவி, சோளக்காட்டுச் சந்தையருகே ஒன்று, ஒப்பிடுவதற்கு அடிவாரத்துக் காரவள்ளியில் ஒன்று.