வெற்றுச் சட்டகமும் இரட்டைக் கையெழுத்தும்

மரத்தில் உருவம் வெட்டி அச்சிடும் முறையில், தாளில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து உளியால் அகழ்ந்தெடுத்துவிட்டு, மேடாக எஞ்சும் கோடுகளின்மேல் மை தடவித் தாளை அழுத்துவர். படம் இடவலம் மாறிப் பதியும் என்பதால், முகத்தையும் மாற்றியே வெட்ட வேண்டும். ஓவியரின் முகத்தைச் சக ஓவியர் இம்முறையில் பதிவு செய்ததற்குப் பெருஞ்சான்று, இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ வசாரி எழுதிய கலைஞர் வரலாற்று நூலின் 1568ஆம் ஆண்டுப் பதிப்பு. வசாரியும் உதவியாளர்களும் வரைந்த முகங்களை வெனிஸ் நகரில் கொரியோலானோ என்பவர் பலகையில் வெட்டினார். அம்முகங்களில் பல கற்பனையே என்றாலும், சாயல் கிடைக்காத சிலருக்குச் சட்டகத்தை மட்டும் அச்சிட்டு நடுவிடத்தை வெறுமையாக விட்டிருப்பது, நூலின் மிக நேர்மையான பகுதி எனலாம்.

சிவகாசியின் அச்சுத் தொழிலுக்குப் பின்னாலும் வாங்குவோர் முகமறியாத ஓவியர் பலர் நிற்கின்றனர். 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் வேண்டியிருந்தது. அத்தேவையால் வேரூன்றிய அச்சகங்கள் பின்னர்ப் பட்டாசு உறைகளையும் காலண்டர்களையும் அச்சிட்டன. எண்ணெய்ப்பசையும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு கல்லிலிருந்து படமெடுக்கும் லித்தோ முறையில், வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். ஆகவே, ஓவியத்தைக் கண்ணாலேயே வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் புள்ளிபுள்ளியாக மறுபடி வரைவது அச்சக ஓவியரின் வேலையாயிற்று. வீட்டுச் சுவரில் தொங்கிய லட்சுமி இவ்வாறு இரு கைகளைக் கடந்து வந்தவள். மூல ஓவியரின் பெயரே படத்தின் அடியில் நின்றது.

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, இறுதியில் கோவில்பட்டியில் நிலைத்த சி. கொண்டையராஜு (1898–1976) காலண்டர் ஓவியத்தின் தலைமகனாகக் கருதப்படுகிறார். அவருடைய படங்கள் சிலவற்றில் மாணவர் டி. எஸ். சுப்பையாவின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தே காணப்படுகிறது. விற்பனைச் சரக்காகிய காலண்டரில் ஆசிரியர் தம் மாணவருக்கு இடமளித்தது, வசாரி சக கலைஞர்களுக்குச் செய்த சிறப்புக்குச் சிறிதும் குறைந்ததன்று. கல்லில் புள்ளி வைத்தவர்களுக்கோ அந்த இடமும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஒளிப்பட முறையில் வண்ணம் பிரிக்கும் ஆஃப்செட் பரவியபின் அவர்களுடைய தொழிலே இல்லாமற்போயிற்று.