வீடின்மைக் குறைப்புச் சட்டமும் உள்ளாட்சி ஊழியர் பயிற்சியும் (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் வீடற்றவர்களுக்கு உள்ளாட்சி மன்றங்கள் ஆற்ற வேண்டிய கடமைகளை முதலில் வரையறுத்தது 1977ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் அவை 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பாகத்தில் இடம்பெற்றன. நாடாளுமன்ற உறுப்பினர் பாப் பிளாக்மன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் (2017) அந்தப் பாகத்தைத் திருத்தி, 2018 ஏப்ரல் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. வீடிழக்கும் ஆபத்தில் இருப்பவர் யார் என்பதற்கான கால வரம்பு 28 நாளிலிருந்து 56 நாளாக நீண்டது. அதுவரை குழந்தையுள்ள குடும்பம், கர்ப்பிணி, நலிந்தவர் போன்றோருக்கே முழு உதவி கிடைத்தது. தனியாளுக்குப் பெரும்பாலும் ஆலோசனைதான். இப்போது தகுதியுள்ள ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்து, அவரவருக்கெனத் திட்டம் எழுதித் தர வேண்டும். அதாவது, விண்ணப்பத்தைச் சலித்துப் பார்த்தே பழகிய அலுவலரைப் புதிய சட்டம் துணை நிற்கச் சொல்கிறது. பயிற்சியின் கடினமே இங்குதான். பிரிவுகளை மனப்பாடம் செய்விப்பது எளிது. ஊறிப்போன பழக்கத்தை மாற்றுவது எளிதல்ல.

வீட்டுக்காரர் கொடுத்த நோட்டீஸோடு ஒரு வாடகைதாரர் கவுன்சிலின் வரவேற்பு மேசைக்கு வருகிறார். "அமீனா வரும் நாள்வரை அங்கேயே இருங்கள், பிறகு பார்க்கலாம்" என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். வெளியேற்றும் வாரண்டு வரும்வரை ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது என்று அரசின் வழிகாட்டு நெறித்தொகுப்பு கூறுகிறது. வரவேற்பு மேசையின் அந்த ஒரு பதிலில் 56 நாளும் வீணாகிவிடும். சட்டத்தைக் கரைத்துக் குடித்த அதிகாரி உள்ளறையில் இருந்தும் பயனில்லை. முதல் கேள்வியைக் கேட்பவருக்கே பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டும். எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். வாய்பாடாகக் கற்றுக்கொடுப்பதன் கேடு ஹோட்டக் என்ற வழக்கில் வெளிப்பட்டது. 'நலிந்தவர்' யார் என்று முடிவு செய்ய, சாதாரண வீடற்றவரோடு ஒப்பிடும் முறை 1998ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பொன்றிலிருந்து பரவியிருந்தது. ஏற்கெனவே வீடின்றி வாடுபவர்களையே அளவுகோலாக்கினால், கடும் நோயாளிகூடச் சராசரி ஆளாகத் தெரிவார். வீடிழக்க நேர்ந்த சாதாரண மனிதரோடுதான் ஒப்பிட வேண்டும் என்று 2015இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தியது. சட்டத்தின் சொல்லைப் படிப்பதை விட்டு, அதன்மேல் எழுந்த சூத்திரத்தைப் படித்ததன் விளைவு இது.

வீடே இல்லாதபோது பயிற்சி என்ன செய்யும் என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். கவுன்சில் வீடுகள் 1980 முதல் பெருமளவில் விற்கப்பட்டன. வாடகை உதவித்தொகையின் உச்சவரம்பு 2016 முதல் நான்காண்டு உறைந்து கிடந்தது. பயிற்சி வீடு கட்டித் தராது. ஆனால் புதிய சட்டம் சுமத்தும், வீடிழப்பைத் தடுக்கும் கடமையின் முதல் வேலை, இருக்கும் வீட்டைக் காப்பாற்றுவது: வாடகை பாக்கியைத் தீர்க்க வழி செய்வது, வீட்டுக்காரரோடு பேசுவது, நோட்டீஸ் செல்லுமா என்று பார்ப்பது. இவற்றுக்குக் காலமும் அறிவும் போதும். வீடு அரிதான ஊரில்தான் இவை இன்னும் அவசியம். தவறவிட்ட குடும்பம் பின்னர் கவுன்சில் செலவில் தற்காலிக விடுதிக்கே வரும். பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அது ஒருநாள் வகுப்புகளுக்கு எதிரான வாதம், பயிற்சிக்கு எதிரானதல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி நடக்கும் மறுஆய்வில் ரத்தாகும் ஒவ்வொரு முடிவும், அதை எழுதியவரின் மேசைக்குக் காரணத்தோடு திரும்ப வேண்டும். புதிதாகச் சேர்பவர் அந்தக் கோப்புகளைப் படித்தே தொழில் பழக வேண்டும்.